இரண்டு ஆண்டாகப் பூட்டிக் கிடந்த அப்பா வீடு: விற்பதற்கு முன் ஒன்றரை லட்சத்தில் எதைச் செய்வது?

திருநகர் மகள் | ஜூன் 9, 2024

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி உள்ளே ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, 1992-இல் கடன் போட்டுக் கட்டியது. நான்கு சென்ட் மனை, 980 சதுர அடிக் கட்டடம். ஒரு ஹால், இரண்டு அறைகள், சமையலறை, பின்பக்கம் குளியலறை. மொட்டை மாடியில் நின்றால் திருப்பரங்குன்றம் மலை முழுதாகத் தெரியும்.

2022 வைகாசியில் அப்பா காலமானார். அம்மாவைத் திண்டுக்கல்லுக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது. தம்பி ஓசூரில் இருக்கிறான். இருவருமே மதுரைக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று தெளிவாகிவிட்டதால் விற்றுவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்தேன். கதவைத் தள்ளியதுமே சாக்கடை வாடை. குளியலறையில் கரப்பான்கள். சமையலறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வளையம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. ஹாலில் பச்சையும் வெள்ளையும் கலந்த மொசைக் தரை, அழுக்கேறி மங்கிப் போய் இருக்கிறது. வாசல் கதவுக்கு அப்பா பத்து வருடத்துக்கு ஒருமுறை காப்பி நிற எனாமல் அடிப்பார். அது இப்போது செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. ஒரு செதிலை நகத்தால் நெம்பினேன். அடியில் தேன் நிறத்தில் மரத்தின் ரேகை தெரிந்தது. அது தேக்கு என்பதையே நான் மறந்திருந்தேன்.

உள்ளே இரும்பு பீரோ இரண்டு, அம்மாவின் தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, பிரம்பு நாற்காலிகள், பரண் நிறைய டப்பாக்கள்.

என் கையில் இருப்பது சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க மாட்டேன். தம்பி, "மொசைக்கை உடைத்துவிட்டுப் பெரிய டைல்ஸ் போடு, பால்ஸ் சீலிங் போடு, அப்போதுதான் விலை போகும்" என்கிறான். தரகரோ, "முப்பது வருட வீட்டுக்கு யாரும் விலை தர மாட்டார்கள், மண்ணுக்கு மட்டும்தான் விலை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்கிறார். இரண்டில் எது சரி? ஒன்றரை லட்சத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? பழைய சாமான்களை வைத்தே வீட்டைக் காட்டலாமா, காலி செய்துவிட வேண்டுமா?

இடிந்து போகப்போகும் வீடு என்று நினைத்து அதை இப்படியே காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனத்துக்காக மட்டும் பணத்தைப் போடவும் முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோவை இளைஞன் | ஜூன் 9, 2024

அக்கா, நான் சரவணம்பட்டியில் இருந்த பிளாட்டைப் போன வருடம் விற்றேன். ஹாலில் மட்டும் பால்ஸ் சீலிங், ஒரு சுவருக்கு வால்பேப்பர், சமையலறைக்குப் புதிய கதவுகள். மொத்தம் 1,80,000 ஆனது. இணையத்தில் படம் போட்ட இரண்டாவது வாரத்திலேயே ஆள் வந்துவிட்டது. படம் நன்றாக இருந்தால்தான் நேரில் பார்க்கவே வருகிறார்கள். தம்பி சொல்வதில் பொருள் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மொசைக்கை இப்போது யாரும் விரும்புவதில்லை.

---

ஸ்ரீரங்கம் ஓவர்சியர் | ஜூன் 10, 2024

அம்மா, நான் 34 வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று ஏழு பழைய வீடுகளை விற்பனைக்குத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரகர் சொன்னதைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் கடந்த மூன்று வருடத்தில் கைமாறிய பழைய வீடுகள் எவை, வாங்கியவர்கள் இடித்தார்களா, குடியேறினார்களா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். ஐந்தில் நான்கை இடித்திருந்தால் தரகர் சொல்வது உண்மை. சுத்தம் செய்து, புதர் வெட்டி, அப்படியே கொடுத்துவிடுங்கள். பாதிக்குப் பாதி குடியேறியிருந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது. இடிக்க வருகிறவருக்குப் பெயின்ட் அடித்துக் காட்டுவது வீண். குடியிருக்க வருகிறவருக்கு ஒழுகும் கூரையைக் காட்டுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

குடியேறும் ஆள்தான் வருவார் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வாங்க வருகிறவர் அழகைத் தேடி வருவதில்லை. பயத்தோடு வருகிறார். வாங்கிய மறுநாள் என்ன செலவு வைக்குமோ என்கிற பயம். வங்கி வீட்டு விலையில் ஒரு பகுதிக்குத்தான் கடன் கொடுக்கும்; முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இரண்டும் அவர் கையிலிருந்துதான் போகும். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 3,60,000 ரூபாய். பதிவு முடிந்த அன்று நடுத்தரக் குடும்பத்தின் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்டவருக்கு, பால் காய்ச்சிவிட்டு அன்றைக்கே குடியேறலாம் என்ற நிலையில் உள்ள வீடுதான் வேண்டும். உங்கள் ஒன்றரை லட்சமும் இந்தப் பயத்தைத் தீர்க்கத்தான் போக வேண்டும்.

ஆகவே கூரையும் தண்ணீரும் முதலில். மாடியில் தட்டோடு பதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஓடுகளுக்கு நடுவே இடுக்குச் சாந்து பெயர்ந்திருக்கும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கும். தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். இடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சாந்தால் மறுபடி அடைக்கச் சொல்லுங்கள். மொத்தத் தளத்தையும் பெயர்க்கச் சொல்லும் மேஸ்திரியிடம் வேலை கொடுக்காதீர்கள். சமையலறைக் கூரையில் அந்தப் பழுப்பு வளையத்தை ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கறை மட்டும்தான். பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மருந்து பூசி, மறுபடி பூசியாக வேண்டும். அதற்கு மேல் வெள்ளை அடித்து மறைப்பது மோசடி. நாலு மாதத்தில் யார் தலையிலாவது விழும்.

படுக்கையறைச் சுவர்: மண்ணிலிருந்து ஏறும் ஓதமா, குழாய்க் கசிவா என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேல்தொட்டியை நிரப்பி, இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தைத் தொட்டியின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. 1992 வீடென்றால் இரும்புக் குழாய்தான் பதித்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் அது இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது. சுவரை உடைக்க வேண்டாம். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் குழாயைப் புதிதாகச் சுவரின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோகலாம்.

சாக்கடை வாடைக்குக் காசே வேண்டாம். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் வாய்க்குள் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும். இரண்டு வருடம் பூட்டியிருந்ததால் அது வற்றிவிட்டது. வாடையும் கரப்பானும் வருவது அந்த வழியாகத்தான். ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வீடு விற்கும்வரை வாரம் ஒருமுறை யாராவது ஊற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

இப்போது மொசைக். தம்பி சொன்னதைக் கேட்டு அதில் கை வைத்துவிடாதீர்கள். உடைத்து, அள்ளிக்கொட்டி, டைல்ஸ் போடுவதற்கே உங்கள் பணம் முழுவதும் போய்விடும். உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை உயர்ந்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லுகள். முப்பது வருடம் மிதித்தும் அவை தேயவில்லை, அழுக்கும் மெழுகும்தான் மேலே படிந்திருக்கின்றன. மெஷின் வைத்துக் கரடுக் கல், நடுத்தரக் கல், மென்கல் என்று மூன்று தடவை தேய்த்தால் முகம் பார்க்கலாம். இதைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் சேறு சுவரெல்லாம் தெறிக்கும். கடைசி மெருகு மட்டும் பெயின்டுக்குப் பிறகு. அந்தச் சேற்றைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள், சிமென்ட் மாதிரி இறுகிக் குழாயை அடைத்துவிடும். குளியலறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டுகூட மொசைக்கில் படக்கூடாது. சலவைக்கல்லை அது தின்றுவிடும்.

கோவைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பிளாட்டுக்கு நீங்கள் செய்தது பொருத்தம்தான், தவறு சொல்லவில்லை. ஆனால் பழைய தனி வீட்டில் பால்ஸ் சீலிங் போட்டால், விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது "மேலே எதை மறைத்திருக்கிறீர்கள்" என்பதுதான். உயரமான கூரையும் காற்றும்தான் அந்தக் காலத்து வீட்டின் சொத்து. அதை நாமே எட்டரை அடியாகக் குறைப்பானேன்? ஓதம் உள்ள சுவரில் வால்பேப்பர் ஒட்டினால் ஒரே மழையில் உப்பிக்கொண்டு வரும்.

கதவு. நீங்கள் நகத்தால் நெம்பிய இடத்தில்தான் உங்கள் வீட்டின் விலை இருக்கிறது, அம்மா. இன்றைக்குத் தேக்கில் நிலையும் கதவும் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு மரக்கடையில் கேட்டுப் பாருங்கள். பெயின்ட் ரிமூவர் தடவிப் பழைய எனாமலை வழித்தெடுத்து, உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை நாலைந்து கை கொடுத்தால் போதும். ஆனால் கவனம். பழைய எனாமல்களில் ஈயம் கலந்திருந்தது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்தப் பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். நனைத்து வழித்தெடுக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் கட்டச் சொல்லுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கடைசியாகக் காலம். இன்னும் ஐந்து வாரத்தில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு பார்க்கவோ முன்பணம் கொடுக்கவோ வர மாட்டார்கள். அந்த ஒரு மாதம் உங்களுடையது. கூரையையும் குழாயையும் ஆனியிலேயே முடித்துவிட்டால், ஆடிக் காற்று சுவரை உலர்த்திக் கொடுக்கும். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் உரிந்து வரும். ஆவணி பிறந்ததும் காட்டுங்கள். ஐப்பசி மழைக்குள் முடியவில்லை என்றால் அப்புறம் தைதான்.

---

திருநகர் மகள் | ஜூன் 17, 2024

ஐயா, கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்.

தெருவில் விசாரித்தேன். மூன்று ஆண்டில் ஆறு வீடுகள் கைமாறியிருக்கின்றன. இரண்டை இடித்திருக்கிறார்கள், நான்கில் குடியேறிவிட்டார்கள். எங்கள் வரிசையில் கடைசி வீட்டை வாங்கியவர் கூரைக்கே ஒன்றரை லட்சம் செலவழித்ததாக வருத்தப்பட்டார்.

தொட்டியில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு இரவு அங்கேயே தங்கினேன். காலையில் மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது. சமையலறைக் கூரையைத் தட்டினேன், வளையத்தின் நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பொத்தென்று கேட்கிறது. மற்ற இடங்களில் கணீரென்று இருக்கிறது. ஒவ்வொரு வாயிலும் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே வாடை போய்விட்டது.

சாமான்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எதை வைப்பது, எதை எடுப்பது?

---

குரோம்பேட்டை வாசி | ஜூன் 18, 2024

நான் வாங்கியவள். வாங்கியவளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். குரோம்பேட்டையில் இப்போது இருக்கும் வீட்டை வாங்குவதற்கு முன் ஏழு மாதத்தில் பதினான்கு வீடுகள் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் நான் வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்ன காரணம் ஒன்று, மனத்தில் இருந்த காரணம் வேறு. அந்த உண்மைக் காரணங்களை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் புதிதாக அடித்திருந்தது. அந்தச் சுவரில்தான் ஓதம் என்று தெரிந்துவிட்டது. அடித்தால் அறை முழுவதும் அடியுங்கள். இன்னொன்றில் மூன்று அறைகளும் சுத்தமாகக் காலியாக இருந்தன. காலி அறை பெரிதாகத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் சிறிதாகத்தான் தெரிந்தது, எங்கள் கட்டில் நுழையுமா என்றே எங்களால் கணிக்க முடியவில்லை. வேறொரு வீட்டில் அதற்கு நேர் எதிர். மூன்று பீரோக்கள், அதில் ஒன்று ஜன்னலை அடைத்து நின்றது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காட்டினார்கள்.

ஆகவே, அக்கா, பீரோ இரண்டையும் எடுத்துவிடுங்கள். அம்மாவின் தேக்குக் கட்டிலைப் பெரிய அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுங்கள், சுற்றி இரண்டடி நடக்க இடம் இருக்கட்டும். ஊஞ்சலை ஹாலில் மாட்டுங்கள். வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள். உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடம் கூடுதலாக இருப்பார்கள். பிரம்பு நாற்காலி இரண்டு போதும். பரணில் ஒரு டப்பாகூட இருக்கக்கூடாது. சமையலறை மேடையில் ஒரு குடம், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பரணைத்தான் முதலில் எட்டிப் பார்ப்போம், எவ்வளவு இடம் இருக்கிறது என்று.

புதிதாகச் சோபா எதுவும் வாங்காதீர்கள். திரைச்சீலை மட்டும் நல்லதாக இருக்கட்டும். மெல்லிய பருத்தியாக, வெயிலை வடிகட்டி உள்ளே விடுகிற மாதிரி.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பழைய வீடுகளில் மின் இணைப்புகள் போதாது. நான் வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் மூன்றை அதற்காகத்தான் விட்டேன். சமையலறையில் மிக்சிக்கு ஒரே ஒரு பிளக், படுக்கையறையில் ஏசிக்கு இணைப்பே இல்லை. மதுரை வெயிலுக்கு ஏசி இணைப்பு இல்லாத படுக்கையறையை இளம் தம்பதிகள் ஏற்க மாட்டார்கள். ஓர் அறைக்காவது 15 ஆம்பியர் பிளக் போட்டு, பழைய பியூஸ் கட்டைகளுக்குப் பதில், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்சுகள் கொண்ட எம்சிபி பெட்டி வைத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவுடன் வீட்டுக்காரர் மனம் வைத்துப் பராமரித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

குளியலறையில் டைல்ஸை மாற்ற வேண்டாம். கருத்த இடுக்குகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். குழாய்களில் படிந்த உப்பைப் போக்க, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்து ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். கண்ணாடி, குழாய், வாளி மட்டும் புதிதாக இருந்தாலே போதும். பெண்கள் வீட்டை முடிவு செய்வது குளியலறையில்தான், என் அனுபவத்தில்.

---

பத்திர எழுத்தர் | ஜூன் 19, 2024

வேலை நடக்கும் அதே நேரத்தில் காகிதங்களையும் தயார் செய்யுங்கள் சகோதரி. அப்பா பெயரில் சொத்து இருப்பதால் வாரிசுச் சான்று வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் நாளாகும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நடப்பு ஆண்டுவரை வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, 1992-இல் வாங்கிய கட்டட அனுமதி வரைபடம். கடைசியில் சொன்னதைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். வாங்குபவரின் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் போட்டு வீட்டிலேயே வைத்து, கேட்டவுடன் எடுத்துக் காட்டுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். தாயார், தாங்கள், தம்பி மூவரும் கையெழுத்திட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

திருநகர் மகள் | செப்டம்பர் 22, 2024

உதவிய ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வேலை முடிந்தது. கணக்கை அப்படியே தருகிறேன், அடுத்தவருக்குப் பயன்படும்.

மாடித் தளத்து இடுக்குகளும் சமையலறைக் கூரையும் 18,000. குழாய் மாற்றம் 9,500. மொசைக் மெருகு 700 சதுர அடிக்கு 28 ரூபாய் வீதம் 19,600. உள்பக்கம் முழுவதும் இரண்டு கை எமல்ஷன், ஏறத்தாழ 2,900 சதுர அடி, கூலியும் பொருளும் சேர்த்து 40,600. முன்பக்கச் சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சு 12,000. வாசல் கதவு 6,500. மின் வேலை 11,800. குளியலறை 8,200. புதர் வெட்டி, பழைய சாமான் அள்ளியது 4,000. திரைச்சீலை தைத்த கூலி 900. மொத்தம் 1,31,100. மீதி 18,900 கையில் இருக்கிறது.

திரைச்சீலைத் துணிக்குக் காசு இல்லை. அம்மாவிடம் பத்து பன்னிரண்டு சுங்குடிச் சேலைகள் இருந்தன, அப்பா புதுமண்டபத்தில் வாங்கிக் கொடுத்தவை. உடுத்தி உடுத்தி மெல்லிசாகிவிட்டன, ஆனால் அரக்கு நிறமும் வெள்ளைப் புள்ளியும் போகவில்லை. "ஜன்னலில் தொங்கட்டும், பெட்டியில் கிடந்து என்ன" என்று அம்மாவே எடுத்துக் கொடுத்தார். காலை வெயில் அதன் வழியாக வரும்போது மொசைக் தரையில் புள்ளிப் புள்ளியாக விழுகிறது. தெருத் தையல்காரர் கரையை மேலே வைத்துத் தைத்திருந்தார், பிரித்துக் கீழே வைக்கச் சொன்னேன்.

மொசைக் தேய்த்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரடுக் கல் ஓடியபோது தரை முழுவதும் சாம்பல் சேறு, எனக்குப் பயமாகிவிட்டது. தம்பி தொலைபேசியில், "நான் அப்போதே சொன்னேன்" என்றான். மூன்றாவது கல் முடிந்து தண்ணீர் ஊற்றித் தள்ளியபோது, நான் மறந்தே போயிருந்த கருப்புச் சில்லுகள்கூடப் பளிச்சென்று மேலே வந்தன. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "இதையா உடைக்கச் சொன்னேன்" என்று எழுதியிருந்தான்.

கதவு வேலைக்கு வந்த தச்சர், ஓவர்சியர் ஐயா சொன்னபடி ஈரமாகவே வழித்தார், மூன்று அடுக்கு எனாமல். கடைசி அடுக்குக்குக் கீழே, நிலையின் இடது பக்கத்தில், பென்சிலால் ஏதோ அளவுகள் எழுதியிருந்தன. கட்டும்போது அப்பா குறித்ததா, அந்தக் காலத் தச்சர் குறித்ததா, தெரியவில்லை. அரக்குப் பாலிஷுக்கு அடியில் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பித்தளைத் தாழ்ப்பாளைப் புளி போட்டு நானே தேய்த்தேன்.

ஆவணி முதல் வாரத்திலிருந்து ஒன்பது குடும்பங்கள் வந்து பார்த்தன. எல்லோரையும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வரச் சொன்னேன், அப்போதுதான் ஹாலில் வெளிச்சம் நன்றாக விழும். படுக்கையறைச் சுவரில் ஓதம் இருந்ததையும் குழாய் மாற்றியதையும் நானே சொல்லி, வேலைக்கு முன் எடுத்த படங்களைக் காட்டினேன். இரண்டு பேர் அதைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். ஆனால் ஆறாவதாக வந்த குடும்பம் அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து பேசவே ஆரம்பித்தது. கணவர் மின்வாரியத்தில் இருக்கிறார், வந்ததும் எம்சிபி பெட்டியைத்தான் திறந்தார். அவருடைய அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

தரகர் சொன்ன மண் விலையைவிட 4,00,000 ரூபாய் கூடுதலாகப் பேசி, ஆவணி கடைசி வெள்ளியில் முன்பணம் வாங்கியிருக்கிறோம். கட்டில் எங்களோடு வருகிறது. ஊஞ்சலை அவர்களுக்கே விட்டுவிட்டோம்.

ஐயா, ஒன்று கேட்க வேண்டும். ஐப்பசியில் பத்திரப் பதிவு. சாவி கொடுக்கும்போது வீட்டைப் பற்றி அவர்களிடம் என்னென்ன சொல்லிவிட்டு வர வேண்டும்?

---

ஸ்ரீரங்கம் ஓவர்சியர் | செப்டம்பர் 23, 2024

மிக்க மகிழ்ச்சி அம்மா. புதிய குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள், நாளைக்கு ஆணி அடிக்கும்போது தேவைப்படும். மாடியில் மழைநீர் இறங்கும் வாய்களை அடைமழைக்கு முன் இலை தழை இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொசைக்கில் ஆசிட் ஊற்ற வேண்டாம் என்று அந்தப் பாட்டியிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.